இரண்டு மணிக்கு உயிரோடு இருந்தவர்

அந்தக் கொலைகாரியைப் பற்றி முக்கால்வாசி படித்த பிறகுதான் அவள் நான் என்று எனக்குத் தெரிந்தது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் ரோஷன் பேகம். மேலப்பாளையத்தில் பிறந்தவள். நியூ ஜெர்சி பிளெய்ன்ஸ்பரோவில் ஒரே அபார்ட்மெண்டில் இருபது வருஷத்துக்கு மேலாகக் குப்பை கொட்டுகிறேன். என் வீட்டுக்காரர் மீரான் மைதீன் மருந்து கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தார். போன ஜனவரியில் மவுத்தாகிவிட்டார். அன்றிலிருந்து நான் இத்தா இருக்கிறேன். புருஷன் இறந்தால் எங்களில் பெண்கள் நாலு மாசம் பத்து நாள் வாசற்படி தாண்டாமல் இருப்பதற்கு அதுதான் பெயர். வெள்ளைச் சேலை, நகை கிடையாது, நல்லது பொல்லாதது எதற்கும் போவது கிடையாது. கொழுந்தன் பாசில் எடிசனிலிருந்து வந்து சாமான் வாங்கிப் போட்டுவிட்டுப் போவார். ஒரே மகள் ரிதா கலிபோர்னியாவில் டப்ளினில் வேலை பார்க்கிறாள். மவுத்துக்கு வந்தவள் கொஞ்ச நாள் கூட இருந்துவிட்டுத் திரும்பிவிட்டாள்.

பகலை எப்படிப் போக்குவது? ஓதுவேன், தொழுவேன், ஒருத்திக்காக ஒரு கை அரிசி போடுவேன். மீதி நேரத்தில் போனில் கொலை படிப்பேன். முகத்தைச் சுளிக்காதீர்கள், இது எங்கள் குடும்பப் பைத்தியம். துப்புத் துலங்காத கேஸ்கள், காணாமல் போன மனிதர்கள், கதவு திறந்தபடி காட்டில் நின்ற கார். இதற்கென்றே ஆன்லைனில் ஒரு ஃபோரம் இருக்கிறது. ஒருத்தர் ஒரு கேஸை எழுதிப் போட்டால் உலகத்தில் வேலை வெட்டி இல்லாதவர்கள் அத்தனை பேரும் அதன் கீழே வந்து துப்பறிவார்கள். என் வீட்டுக்காரர் இருந்தபோது அவர் வாசிக்க வாசிக்க நான் வெங்காயம் நறுக்குவேன். சின்னப் பிள்ளையாக ரிதா மேஜைக்கு அடியில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள். பிள்ளை இருக்கிறாளே என்று நாங்கள் குரலைத் தாழ்த்தியதே இல்லை.

மார்ச் மாதம் ஒரு மத்தியானம். எக்ஸிட் 8ஏ என்ற பெயரில் யாரோ புதுக் கேஸ் போட்டிருந்தார்கள். அது டர்ன்பைக் நெடுஞ்சாலையிலிருந்து எங்கள் ஊருக்குத் திரும்பும் வழி. அட, நம்ம பக்கத்து ஆள் என்று ஆசையாகத் திறந்தேன்.

ஆங்கிலத்தில் இருந்ததை நான் தமிழில் சொல்கிறேன். மத்திய நியூ ஜெர்சியில் ஒரு குடும்பம். நோய்நொடி இல்லாத கணவன் ஒரு நாள் விடிகாலையில் வீட்டிலேயே இறந்துபோகிறான். பிரேதப் பரிசோதனை இல்லை. அன்று மதியமே புதைத்துவிடுகிறார்கள். ஒரு வாரம்கூட ஆகவில்லை, அவனுடைய சட்டை துணிமணி எல்லாவற்றையும் மனைவி மூட்டை கட்டிக் கொடுத்துவிடுகிறாள். அதற்குப் பிறகு அவள் வீட்டை விட்டு வெளியே வருவதே இல்லை. திரைச்சீலை பகலிலும் மூடியே இருக்கிறது. "அடிப்பாவி, தீர்த்துக்கட்டிட்டாளே" என்று வாய்விட்டே சொன்னேன்.

அடுத்த பத்தி இப்படி இருந்தது. "அவனைப் புதைத்தது மதியம் ஒன்றரை மணிக்கு. அவர்கள் வழிபாட்டுத் தலம் போட்ட அறிவிப்பிலேயே நேரம் இருக்கிறது. ஆனால் இரண்டு மணிக்கு மனைவி போனில் என்ன சொன்னாள் தெரியுமா? அவர் ஐசியூவில் இருக்கிறார், இப்போது தூங்குகிறார் என்றாள். மண்ணுக்குள் போன மனிதன் இரண்டு மணிக்கு எப்படித் தூங்கிக்கொண்டிருப்பான்?"

அந்த வார்த்தைகள் என் வாயிலிருந்து வந்தவை.

நடந்தது இதுதான். விடியற்காலைச் சுபுஹு தொழுகைக்கு எழுப்பப் போனேன், அவர் எழுந்திருக்கவில்லை. தொட்டால் கை சில்லிட்டிருந்தது. ஆம்புலன்ஸ் வந்தது, போலீஸ் வந்தது, அவருடைய இருதய டாக்டரிடம் பேசினார்கள், எழுத வேண்டியதை எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். பாசில் ஓடி வந்தார். மறுநாள் பெரிய ஸ்னோ வருகிறது, அடக்கஸ்தலத்தை மூடிவிடுவார்கள், இன்றைக்கே அடக்கியாக வேண்டும் என்றார். ரிதாவுக்கு என்ன சொல்வது என்று கேட்டேன்.

"மவுத்துன்னு சொல்லாதீங்க மைனி. புள்ள தனியா ஃப்ளைட் ஏறி வரணும். சீரியஸா இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. வந்ததும் நான் சொல்லிக்கிறேன்."

நம் ஆட்களில் இது ஊரறிந்த வழக்கம். வெளியூர்ப் பிள்ளையிடம் யாரும் செத்துப்போனார் என்று போனில் சொல்ல மாட்டோம். கொஞ்சம் முடியவில்லை, புறப்பட்டு வா என்போம். வழியில் மயங்கி விழுந்துவிடக் கூடாதே என்ற பயம். நானும் அதைத்தான் செய்தேன். ஃப்ளைட் ஏறுவதற்கு முன்னால் ரிதா கூப்பிட்டாள், தூங்குகிறார் என்றேன். ஆண்கள் அவரை அடக்கிவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்த நேரம் அது. என் பக்கத்தில் அப்போது இருந்தது எதிர்வீட்டு நாகலக்ஷ்மி மட்டும்தான்.

கமெண்ட்களை விடாமல் படித்தேன். இன்சுலினாக இருக்கும் என்றது ஒரு மேதாவி. மசாலா வாசனையில் எந்த விஷமும் தெரியாது என்றது இன்னொன்று. அந்த ஆளை என் கையில் கொடுத்தால் அம்மியில் வைத்து அரைத்திருப்பேன். இதையெல்லாம் நானே எத்தனை குடும்பங்களைப் பற்றிச் சோபாவில் சாய்ந்துகொண்டு பேசியிருக்கிறேன் என்ற நினைப்பு வந்தது. வந்த வேகத்தில் அதைத் துரத்திவிட்டேன். எனக்கு அப்போது கோபம்தான் வேண்டியிருந்தது.

கடைசியில் விவரம் தெரிந்த ஒருவர் எழுதியிருந்தார். கல்லறையைத் திறந்து உடலைப் பரிசோதிக்காமல் எதுவும் நிரூபிக்க முடியாது. மனைவி சம்மதித்தால் சுலபம். அவள் மேலேயே சந்தேகம் என்றால் பெற்ற பிள்ளை போய் அதிகாரிகளிடம் கேட்கலாம். அதற்கு எக்ஸிட் 8ஏ எழுதிய பதில்: "மகள் ஒருத்தி இருக்கிறாள். அடுத்த வாரம் கேட்பாள்."

கபரைத் தோண்டுவதா! குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி, மக்கா இருக்கும் கிப்லாத் திசையைப் பார்க்கத் திருப்பி வைத்த உடம்பை யந்திரம் விட்டுக் கிளறி எடுத்து மேஜையில் கிடத்துவார்களா? உயிரோடு இருந்தபோது ஊசி என்றாலே கண்ணை மூடிக்கொள்ளும் மனிதர் அவர். அதோடு என் மகளையும் எவனோ வளைத்துப் போடப் பார்க்கிறான். உடனே ரிதாவைக் கூப்பிட்டேன்.

"ரிதாம்மா, யாராவது தெரியாதவங்க வாப்பாவைப் பத்திப் பேசினா எதுவும் சொல்லாதே. எதுலயும் சைன் பண்ணாதே."

"வொய், உம்மா? என்ன சொல்லக் கூடாது?"

"எதையும்தான்."

"ஓகே" என்று வைத்துவிட்டாள். அந்த ஓகே எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் என் மனசு முழுவதும் எதிர்வீட்டில் இருந்தது.

ஏன் எதிர்வீடு? எக்ஸிட் 8ஏ எழுதியதில் பள்ளிவாசல் என்ற சொல் இல்லை, இத்தா என்ற சொல் இல்லை. எங்களில் ஒருத்தராக இருந்தால் நான் ஏன் வெளியே வரவில்லை என்று கேட்பாரா? ஆகவே எழுதியது நம் வழக்கம் தெரியாத ஆள். அதே சமயம் வீட்டுக்குள் வந்து போகிற ஆள். துணிமூட்டை கட்டியபோது கயிறு பிடித்துக் கொடுத்தது யார்? நாகலக்ஷ்மி. நான் போனில் பேசியபோது என் முதுகைத் தடவிக்கொண்டு நின்றது யார்? நாகலக்ஷ்மி. மாம்பலத்திலிருந்து வந்தவள், பத்து வருஷமாக என் உப்பைத் தின்கிறவள், அவள் உப்பை நான் தின்கிறவள். அவள் புருஷன் கஸ்தூரிரங்கனுக்கும் என் வீட்டுக்காரருக்கும் கிரிக்கெட்டில் பேச ஆரம்பித்தால் நேரம் போவது தெரியாது. அப்படிப்பட்டவளா என்று ஒரு மனசு கேட்டது. அப்படிப்பட்டவர்கள்தான் என்று ஃபோரத்தில் படித்துப் படித்துக் கெட்டுப்போன மனசு சொன்னது.

அன்று மாலை அவள் வத்தக்குழம்பு கொண்டுவந்தாள்.

"ஏன் ரோஷன், முகம் இப்டி வாடியிருக்கு? டயட்டா? ஒழுங்கா சாப்பிடு."

"சாப்பிடறேன். உள்ள வரியா?"

கேட்டேனே தவிர வழியை விடாமல் வாசலிலேயே நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள், டப்பாவைக் கையில் கொடுத்தாள், போய்விட்டாள். வாசனை ஊரைக் கூட்டியது. நான் ஒரு வாய் வைக்கவில்லை. சிங்க்கில் கொட்டினேன்.

பாசிலையும் நான் விடவில்லை. அவ்வளவு அவசரமாக அடக்கச் சொன்னவர் அவர்தானே? பொய் சொல்லச் சொன்னதும் அவர்தானே? அண்ணன் மேல் என்ன கோபமோ, யார் கண்டது? சந்தேகம் என்பது சொறி மாதிரி, சொறியச் சொறியச் சுகமாக இருக்கும்.

ஃபோரத்தில் ஒரு வழி அடிக்கடி சொல்வார்கள். சந்தேகப்படும் ஒவ்வொருத்தரிடமும் வேறு வேறு பொய்யைச் சொல்லிவிட்டு, எந்தப் பொய் வெளியே வருகிறது என்று பார்ப்பது. நாகலக்ஷ்மியிடம், அவர் கடைசி வாரத்தில் ஊரிலிருந்து வந்த ஒரு கஷாயம் குடித்தார் என்றேன். "அய்யய்யோ, அதை ஏன் குடுத்தே?" என்று அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பாசிலிடம், அவர் முந்தின நாள் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார் என்றேன். "இதை ஏன் மைனி அன்னைக்கே சொல்லலை?" என்று முகம் மாறினார். இருவர் முகத்திலும் குற்றம் தெரிந்தது. வேண்டும் என்று பார்த்தால் யார் முகத்தில்தான் தெரியாது?

பிறகு காத்திருந்தேன். மணிக்கொரு தரம் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன். கஷாயம் வரவில்லை. பாத்ரூம் வரவில்லை. ரிதாதான் தினமும் கூப்பிட்டாள். அந்த நாட்களில் எனக்கு அது ஒன்றுதான் ஆறுதல். வழக்கமாக ஹாய், பை என்று முடிக்கிற பிள்ளை, வாப்பாவைப் பற்றி நிறையக் கேட்டாள். கடைசி ராத்திரி என்ன சாப்பிட்டார், என்ன பேசினார், எத்தனை மணிக்குப் படுத்தார். பாவம், ஏங்கிப்போயிருக்கிறாள் என்று நினைத்து ஒருநாள் மனம் விட்டுச் சொன்னேன். கருவாடு பொரிக்கச் சொன்னார், நான் உப்பு ஆகாது என்று மறுத்தேன், அவர் கோபித்துக்கொண்டு பேசாமல் போய்ப் படுத்துவிட்டார், அதுதான் கடைசி. இதை நான் வேறு ஒரு உயிரிடமும் சொன்னதில்லை. சொல்ல வெட்கம். கேட்ட கருவாட்டைக் கொடுக்காமல் அனுப்பிவிட்டோமே என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

மறுநாள் காலையில் டீயோடு உட்கார்ந்து பக்கத்தைத் திறந்தேன். எக்ஸிட் 8ஏ புதிதாக எழுதியிருந்தது: "கடைசி இரவு சாப்பாட்டு விஷயத்தில் இருவருக்கும் சண்டை நடந்ததை மனைவி இப்போது ஒப்புக்கொண்டிருக்கிறாள்."

டீ ஆறியது. எழுந்திருக்கத் தோன்றவில்லை.

எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கியது. நோய்நொடி இல்லாத மனிதன் என்று முதல் வரியிலேயே எழுதியிருந்ததே. பாசிலுக்குத் தெரியும், நாகலக்ஷ்மிக்குத் தெரியும், அவர் இருதயத்தில் இரண்டு அடைப்பு இருந்தது. நாகலக்ஷ்மிதான் எங்களைக் காரில் டாக்டரிடம் கூட்டிப் போவாள். தெரியாத ஒரே ஆள் ரிதா. "புள்ள புது வேலைல இருக்கா, டென்ஷன் ஆயிடுவா, சொல்லாதே" என்று அவர் சத்தியம் வாங்கியிருந்தார். அந்த எக்ஸிட் 8ஏ? நியூவார்க் ஏர்போர்ட்டிலிருந்து பாசில் அவளைக் கூட்டிவந்தபோது அந்த எக்ஸிட்டில் திரும்புகையில்தான் சொன்னாராம், வாப்பா இல்லை, அடக்கியும் ஆயிற்று என்று. அவரே என்னிடம் சொல்லி அழுதிருக்கிறார். பள்ளிவாசலையும் இத்தாவையும் சொல்லாமல் விட்டது ஆள் யார் என்று தெரியாமலிருக்கத்தான்.

என் வயிற்றில் பிறந்தவள் என்னைக் கொலைகாரி என்று உலகத்துக்கு எழுதியிருக்கிறாள். முதலில் வந்தது ஆத்திரம்தான், மறைக்க மாட்டேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று போனை எடுத்தேன். அந்த நேரம் பார்த்து நாகலக்ஷ்மி கதவைத் தட்டினாள். கையில் எதுவும் இல்லை.

"டப்பாவைத் திருப்பி வாங்கிண்டு போலாம்னு வந்தேன்" என்றாள். குரலே சரியில்லை. "நான் என்ன தப்பு பண்ணினேன்னு சொல்லிடு ரோஷன். ஒரு வாரமா தூக்கம் இல்லை."

கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். போனைக் காட்டினேன், எல்லாவற்றையும் சொன்னேன், அவளைச் சந்தேகப்பட்டதையும் வத்தக்குழம்பைக் கொட்டியதையும் சேர்த்துத்தான். அவள் முழுவதும் படித்துவிட்டுப் போனை மேஜையில் வைத்தாள்.

"குழம்பைக் கொட்டினதுக்கு உன்னை அப்புறம் கவனிச்சுக்கறேன்" என்றாள். "இதுல என்ன பொய் இருக்கு, காட்டு? நீ கொன்னேன்னு எங்கயும் எழுதலையே. நீ சொன்னதையும் நடந்ததையும் பக்கத்துல பக்கத்துல வெச்சிருக்கா. அவ்ளோதானே?"

எனக்குச் சுருக்கென்றது. மறுபடி படித்துப் பார்த்தேன். கொலை என்ற சொல்லைக் கீழே வந்தவர்கள்தான் எழுதியிருந்தார்கள். எக்ஸிட் 8ஏ ஒரு இடத்திலும் எழுதவில்லை. கேள்வி மட்டும்தான் கேட்டிருந்தது.

நாகலக்ஷ்மி போனதும் ரிதாவைக் கூப்பிட்டேன். அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும். எடுத்த உடனே, "படிச்சேன்" என்றேன். அவள் எதை என்று கேட்கவில்லை.

"எங்கிட்ட கேட்டிருக்கலாமே, மவளே."

"கேட்டேனே." குரல் உடையவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "ஏர்போர்ட்ல நின்னு கேட்டேன். ஹி இஸ் ஸ்லீப்பிங்னு சொன்னீங்க. உங்ககிட்ட கேட்டா பொய் வரும். அதான் ஸ்ட்ரேஞ்சர்ஸ்கிட்ட கேட்டேன்."

அதற்கு மேல் பாதி ஆங்கிலத்தில் பேசினாள். விமானத்தில் அத்தனை நேரமும் துஆ கேட்டுக்கொண்டு வந்தாளாம். யா அல்லாஹ், என் வாப்பாவைப் பிழைக்க வை, நான் போகும்வரை கண்ணைத் திறந்து வைத்திரு என்று. பக்கத்து சீட் அம்மாள் கையைப் பிடித்துக்கொண்டாளாம். "செத்துப் புதைச்சவருக்காக நான் அவ்ளோ நேரம் கெஞ்சியிருக்கேன், உம்மா. யாருமே எனக்குச் சொல்லலை. உங்களுக்கெல்லாம் தெரியும். மஸ்ஜித் க்ரூப்ல இருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது."

ஸ்னோ என்றேன். அடக்கஸ்தலம் மூடிவிடும் என்றேன். நீ வழியில் விழுந்துவிடக் கூடாதே என்றுதான் என்றேன். எல்லாம் உண்மைதான், எதற்கும் உயிர் இல்லை. பிறகு இருதய அடைப்பைப் பற்றிச் சொன்னேன். எப்போது தெரிந்தது, எந்த டாக்டர், ஆபரேஷனை அவர் தள்ளிப்போட்டது, நானும் தலையாட்டியது, ஒன்றுவிடாமல் சொன்னேன். இதையாவது மறைக்காமல் சொல்கிறேனே என்று எனக்குள் ஒரு சின்னப் பெருமைகூட வந்தது. அவள் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

"இன்னும் என்னெல்லாம் இருக்கு?"

"அவ்ளோதான்."

"ஹவ் டு ஐ நோ?" என்றாள். எனக்கு எப்படித் தெரியும்? நியாயமான கேள்வி. "எனக்கு யார் மேலயும் கேஸ் போடணும்னு இல்லை. எனக்கு வாப்பா முகத்தைப் பாக்கணும். எல்லாரும் பார்த்தீங்க. நான் பாக்கலை. கல்லறையைத் திறந்தா பாக்கலாம்னு எழுதியிருந்தாங்க. அதான்."

ஒரு வாரமாக நான் எதை நினைத்து நடுங்கினேனோ, அதைத்தான் என் பிள்ளை அத்தனை நாளும் ஆசையாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவரைக் கிளறக் கூடாது, அது பாவம், உன் வாப்பாவுக்கு வலிக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னிடம் ஒன்றும் கேட்கப்போவதில்லை. இவள் கேட்கிறாள்.

"சரி. மனைவி சைன் பண்ணினா சுலபம்னு போட்டிருந்தாங்கல்ல? நான் பண்றேன்" என்றேன்.

"வாட்?"

"நீ பாக்கணும்னா பாரு. பேப்பர் எடுத்துட்டு வா. பாசில் சாச்சாகிட்ட நான் பேசிக்கிறேன். பள்ளிவாசல்ல எது சொன்னாலும் நான் கேட்டுக்கிறேன்." சொன்னதை நான் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

ரிதா குழந்தைக் குரலில் கேட்டாள்.

"இப்ப ஓபன் பண்ணினா, வாப்பா எப்படி இருப்பாங்க?"

நல்ல நல்ல பதில்கள் வாய்வரை வந்தன. ஒளி வீசும், சிரித்த மாதிரி இருப்பார், நல்ல மனிதர்களின் உடம்பை மண் தீண்டாது. பிள்ளைக்கு ஆறுதலாக இருக்கும். எல்லாவற்றையும் விழுங்கினேன்.

"நீ பாக்கணும்னு நினைக்கிற முகம் இருக்காதும்மா. இத்தனை நாள்ல மண்ணு தின்னிருக்கும்."

பெற்றவள் மகளிடம் பேசுகிற பேச்சா இது? அவர் காதில் விழுந்திருந்தால் என்னைக் கடித்துக் குதறியிருப்பார். ரிதா நிஜமாவா என்று கேட்கவில்லை, சத்தியம் பண்ணச் சொல்லவில்லை. "அப்ப வேண்டாம், உம்மா" என்றாள். "அவங்க அப்படியே இருக்கட்டும்." அதற்குப் பிறகு அழுதாள், பெரிய குரலெடுத்து, மேலப்பாளையத்தில் எங்கள் தெருப் பெண்கள் அழுகிற மாதிரி. அவர் போன நாளிலிருந்து நான் சொன்னதில் என் மகள் நம்பியது அந்த ஒன்றைத்தான்.